பின் சீட்டில் கேட்ட சத்தம்

எங்கள் வீட்டில் ஓர் அம்பாசடர் கார் உண்டு. 1984-ஆம் வருஷம் என் மாமனார் வாங்கியது. பெட்ரோல் வண்டி. நான் 1990-ல் கல்யாணமாகி நீடாமங்கலத்துக்கு வந்து இறங்கியபோது அது எனக்கு முன்னால் வாசலில் நின்று கொண்டிருந்தது. முந்தி வந்ததாலோ என்னவோ, இன்றைக்கும் இந்த வீட்டில் அதற்குத்தான் மரியாதை ஜாஸ்தி. எனக்குத் தலைவலி என்றால், "தைலத்தைத் தடவிக்கிட்டுப் படு" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிற மனிதர், கார் காலையில் ஒரு தடவை இருமிவிட்டால் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

'காரைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும்?' என்று நினைப்பீர்கள். நியாயம்தான். நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூட இல்லை, ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்பதைத் தவிர. ஆனால் இத்தனை வருஷமாக அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவள் நான். ஓட்டுகிறவருக்கு முன்னால் இருப்பதுதான் தெரியும். பின்னால் என்ன நடக்கிறது என்பது பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்ததை எங்கள் ஜில்லாக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொல்லையில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கார் நின்ற கொட்டகையும் மூங்கிலும் கீற்றுமாக அப்படியே வண்டியின் மேல் உட்கார்ந்துவிட்டது. பெரிய சேதமில்லை, டிக்கியில் ஓர் ஒடுக்கு, அவ்வளவுதான். ஆனால் கரண்டும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அல்லாடிய நாட்களில் காரை யார் நினைத்தார்கள்? ஒரு மாதத்துக்கு மேல் ஈரத்திலேயே நின்றது.

2019 தை பிறந்து வண்டியை எடுத்தபோதுதான் சத்தம் ஆரம்பித்தது.

முதலில் ஒரு சத்தம் என்றுதான் நினைத்தோம். பள்ளத்தில் இறங்கினால் 'கடங்' என்று பின்னால் ஒன்று விழுந்தது. என் மாமியார் (எண்பதைத் தாண்டியவர், ஆனால் காது கூர்மை) சாலையில் எதையோ போட்டுவிட்டோம் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அதோடு கூடவே இன்னொன்றும் கேட்டது. 'புடு புடு புடு' என்று அடித் தொண்டையில் ஒரு முனகல். கொதிக்கிற குழம்பின் மேல் மூடி ஆடுமே, அந்த மாதிரி.

சத்தம் என்று வந்துவிட்டால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். "வீல் பேரிங் போயிருக்கும்" என்றான் என் மகன். "பட்டை உடைஞ்சிருக்கும், அடியில பாருங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பின் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள், அதைச் சொல்கிறார். (உடைந்த லாரிப் பட்டையை வாங்கித்தான் நம் கொல்லர்கள் அரிவாள் அடிக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.) என் வீட்டுக்காரர் மட்டும், "புயல்ல பயந்திருக்கு. நாலு நாள் ஓடினா சரியாயிடும்" என்றார். பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி!

'கடங்' சத்தத்தை நானே கண்டுபிடித்தேன். டிக்கியைத் திறந்து, பழைய துணி, பிளாஸ்டிக் குடம், ஒரு காலத்தில் அர்ச்சனைத் தட்டாக இருந்தது, எல்லாவற்றையும் எடுத்து வெளியில் வைத்தேன். மூலையில் ஜாக்கி கட்டு அவிழ்ந்து கிடந்தது. கோணிச் சாக்கில் சுற்றி மூலையில் செருகினேன். 'கடங்' போயிற்று. மாமியார், "பரவாயில்லையே" என்றார். இந்த வீட்டுக்கு வந்து எனக்குக் கிடைத்த பெரிய சர்ட்டிபிகேட் அது.

'புடு புடு' போகவில்லை.

வெளியூரில் ஒரு பட்டறையில் காட்டினார்கள். அவர்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "கிரவுன் தேஞ்சு போச்சு, கழற்றி மாத்தணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். கிரவுன் என்பது பின் ஆக்ஸிலுக்கு நடுவில் இருக்கிற பல் சக்கரம். எஞ்சின் சுற்றுவதை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதானாம். உத்தரப்பாராவில் அம்பாசடர் செய்வதை 2014 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். சாமான் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முகம் வாடிப் போனது. "அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்று வந்துவிட்டார். நல்லவேளை!

இதற்கு நடுவில்தான் என் மகளுக்கு வளைகாப்பு வந்தது.

மகளைக் கும்பகோணத்தில் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம். தை மாதக் கடைசியில் நாள் பார்த்து, கலந்த சாதமெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போய் வளையல் போட்டு, அழைத்து வந்தோம். திரும்பும்போது சம்பந்தி வீட்டில் ஒரு வாழைத்தார், பெரிய பலகாரக் கூடை, எங்களுடைய அண்டா, தூக்கு எல்லாம் சேர்ந்து டிக்கி மூடவில்லை. என் மகன் கதவைப் பாதி தூக்கினபடியே விட்டு, கயிறு போட்டு இழுத்துக் கட்டினான். நம் பக்கத்தில் யார் செய்யாதது? நெல் மூட்டையிலிருந்து ஆட்டுக்குட்டி வரைக்கும் அப்படித்தானே ஏற்றுகிறோம்!

முன்னால் அப்பாவும் பிள்ளையும். பின்னால் ஒரு ஜன்னலோரம் மாமியார், நடுவில் மடியில் மூன்று வயதுப் பேரனோடு நான், அந்தப் பக்க ஜன்னலோரம் மகள். தைப் பனி. "பிள்ளைத்தாச்சிக்கு எதிர்காத்து ஆகாது" என்று மகள் பக்கத்துக் கண்ணாடியை நானே ஏற்றிவிட்டேன். மாமியார் மட்டும் கண்ணாடியை ஏற்றவே விட மாட்டார். வெற்றிலை போடுகிறவர், நாலு மைலுக்கு ஒரு தடவை வெளியே தலையை நீட்ட வேண்டும்.

வலங்கைமான் தாண்டும்போது பேரன் தூங்கிவிட்டான். ஆலங்குடி வரும்போது மகள், "அம்மா, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா" என்றாள். எனக்கும் நெற்றிப் பொட்டில் வலி. காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாததுதான் என்று நினைத்துக்கொண்டேன். கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் குருபகவானைக் கும்பிட்டுக்கொண்டு வந்துவிட்டோம். அங்கிருந்து எங்கள் ஊர் ஏழு கிலோமீட்டர்தான்.

நீடாமங்கலம் வழியாக மன்னார்குடிக்கோ தஞ்சாவூருக்கோ போனவர்களுக்கு அந்த ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜங்ஷன் ஊர். கேட் போட்டுவிட்டால், பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடித்து, ஊர் வம்பு பேசி முடித்து, மறுபடி ஏறி உட்கார்ந்தாலும் கேட் திறந்திருக்காது. அன்றைக்கும் அப்படித்தான். அரை மணி நேரம் நின்றோம். எஞ்சினை நிறுத்தலாம் என்றால், "அணைச்சா செல்ஃப் எடுக்காது. தள்ளணும்" என்று என் வீட்டுக்காரர் ஓட விட்டே வைத்திருந்தார். நானும் இறங்கிக் கொஞ்சம் காலாற நின்றிருக்கலாம். தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் மகள் தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தில் வாந்தி எடுத்தாள். பேரனை எழுப்பினால் துவண்டு துவண்டு விழுந்தான். எனக்கு அடிவயிறு கலங்கிப் போயிற்று. "இத்தனை பேர் கண்ணு பட்டிருக்கு" என்று மாமியார் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். இஞ்சிச் சாறு கொடுத்தோம். திண்ணையில் காற்றோட்டமாகப் படுக்க வைத்தோம். மறுநாள் காலையில் மகள் ஒன்றுமே நடக்காத மாதிரி தோசை கேட்டாள். திருஷ்டி கழிந்தது என்று எல்லோருக்கும் திருப்தி.

அடுத்த வியாழக்கிழமை ஆலங்குடிக்குப் போய் வந்தோம். மறுபடி தலைவலி. அதற்கடுத்த வாரம் தஞ்சாவூருக்கு லேடி டாக்டரிடம் காட்டப் போனபோதும் தலைவலி, குமட்டல். "முதல் பிரசவம், தலைசுத்தல் சகஜம்தான்" என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் ரத்த அழுத்தம் சரியாக இருக்கும், தலைவலியும் விட்டுப் போயிருக்கும். காரில் வந்தால்தான் வருகிறது என்று அவரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

மாசியில் ஒரு நாள், வழக்கம்போல் கேட்டில் மாட்டிக்கொண்டோம். நானும் இவரும் மட்டும்தான். எனக்குக் கால் மரத்துப் போய் இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்றேன். 'புடு புடு புடு' என்று என் காலடியில் கேட்கிறது. நின்றுகொண்டே இருந்தேன். திடீரென்று ஒன்று உறைத்தது. வண்டி நிற்கிறது. சக்கரம் சுற்றவில்லை. சுற்றாத சக்கரத்தில் பேரிங் எப்படிச் சத்தம் போடும்? பின் சக்கரத்தைச் சுற்றுகிற கிரவுன்தான் எப்படிச் சத்தம் போடும்?

ஓடி வந்து சொன்னேன். "உனக்கென்ன தெரியும்" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கேட் திறந்தும் வீட்டுக்குத் திரும்பாமல் வண்டியை நேரே மூணாறு தலைப்புப் பக்கம் விட்டார். வெண்ணாறு அங்கேதான் பிரிந்து கோரையாறு, பாமணியாறு என்று போகிறது. ஆற்றில் தண்ணீர் இருந்தால் ஷட்டர் இரைச்சலில் பேசுவதே கேட்காது. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம் அல்லவா? மாசியில் ஆறு மணலாகக் கிடந்தது. இலை விழுந்தால் கேட்கும்.

அந்தக் கரைச் சாலையில் எங்கள் பரிசோதனை நடந்தது. வேகமாக ஓட்டி, கியரை எடுத்துவிட்டு, காலையும் எடுத்துவிட்டார். வண்டி தன் போக்கில் உருண்டது. சக்கரம் அதே வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் சத்தம் தணிந்துவிட்டது. நிறுத்திவிட்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதித்தார். சத்தம் எகிறியது. அப்படியானால் சத்தம் சக்கரத்தைச் சேர்ந்ததே இல்லை. எஞ்சின் விடுகிற மூச்சைச் சேர்ந்தது. இன்னொன்றும் கவனித்திருந்தேன். காலையில் எடுத்தவுடன் சத்தம் அதிகம், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு சற்றுக் குறையும். குழந்தைக்கு இருமல் என்றால் ராத்திரியா பகலா, படுத்தாலா நிமிர்ந்தாலா, வறட்டு இருமலா சளியா என்று கேட்போமே, அதே கேள்விகள்தான்.

மறுநாள் எங்கள் ஊரிலேயே லாரி வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டோம். அவர் செய்ததைக் கேளுங்கள். ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. "அம்மா, ஒரு பழைய கோணியை நனைச்சுக் குடுங்க" என்றார். என் மகனை எஞ்சினை ஓட விடச் சொல்லிவிட்டு, புகை வருகிற குழாய் வாயில் ஈரக் கோணியை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தார். வெளியே போக வழியில்லாத புகை வேறு வழி தேடும் இல்லையா? 'உஸ்ஸ்ஸ்' என்று வண்டிக்கு அடியில் பாம்பு சீறுகிற மாதிரி கேட்டது. டார்ச் அடித்துக் காட்டினார். சைலன்சரும் பின் குழாயும் சேருகிற இடத்தில் துரு தின்று, விரல் போகிற அளவு பிளவு. சுற்றிலும் மை பூசின மாதிரி கரி. சூடேறினால் இரும்பு விரிந்து பிளவு கொஞ்சம் ஒடுங்கும், அதனால்தான் ஓட ஓடச் சத்தம் குறைகிறது என்றார்.

"புயல்ல கெட்டுதா தம்பி?" என்று கேட்டேன்.

"புயல் பாதிதாம்மா. நீங்க வாரத்துக்கு ஒரு நாள் ஆலங்குடி போயிட்டு வந்து நிறுத்திடுறீங்க. சைலன்சர் நல்லா சூடாகறதே இல்லை. உள்ள தண்ணி நிக்கும்."

பெட்ரோல் எரிந்தால் புகையோடு தண்ணீரும் ஆவியாக வருமாம். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! தூரம் ஓடினால் அது சூட்டில் வெளியே போய்விடும். கிட்டக் கிட்ட ஓடினால் குளிர்ந்து உள்ளேயே தங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கும். அரிசி களைந்த பாத்திரத்தைக் கவிழ்க்காமல் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா!

இவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. பதினெட்டாயிரம் மிச்சம் அல்லவா? "சரி தம்பி, இப்போதைக்கு ஒரு டின் தகட்டைச் சுத்திக் கட்டிக் குடுங்க" என்றார். மெக்கானிக் தம்பி பதில் சொல்லாமல் டிக்கியைத் திறந்தார். தரையில் விரித்திருந்த விரிப்பைத் தூக்கினார். அடியில் தகடு துருப்பிடித்துப் பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓர் ஓட்டை. விரிப்பின் அடிப்பக்கம் கரி. அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வண்டியில பின்னால உக்காந்தவங்க யாருக்காச்சும் தலைவலி வந்துச்சாம்மா?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. உள்ளே போய், பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரை எடுத்து வந்தேன். பால், சிலிண்டர் வந்த தேதி, மகளின் இரும்புச் சத்து மாத்திரை, எல்லாம் அதில்தான். வளைகாப்புத் தேதிக் கட்டத்தில் 'த.வலி, வாந்தி'. கீழே 'கார் சத்தம் ரொம்ப'. அந்த வியாழக்கிழமைக் கட்டத்தில் 'த.வலி'. கீழே 'சத்தம்'. தஞ்சாவூர் போன நாளிலும் இரண்டும். என் கையெழுத்துதான். ஒரே கட்டத்துக்குள் இரண்டையும் எழுதிவிட்டு, ஒன்றை டாக்டரிடமும் ஒன்றை மெக்கானிக்கிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்!

"புகைக்குப் பின்னால இருந்து முன்னால வர எப்படிம்மா தெரியும்?" என்று மாமியார் கேட்டார். வண்டி முன்னால்தானே ஓடுகிறது, புகை பின்னால்தானே போக வேண்டும்? மெக்கானிக் தம்பி சொன்ன பதில் எனக்கு மறக்காது. "மண் ரோட்டுல பஸ் போறப்ப பாருங்க ஆயா. புழுதி எங்க ஒட்டுது? பின் கண்ணாடியிலதான்." ஓடுகிற வண்டி தன் முதுகுக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுக்கொண்டே போகிறது. அதில் காற்று சுழன்று புழுதியையும் புகையையும் முதுகோடு ஒட்டி இழுக்கிறது. டிக்கி மூடியிருந்தால் ஓட்டை வழியாகக் கொஞ்சம் வரும். வளைகாப்பன்று நாங்கள் கதவையே தூக்கிக் கட்டி, 'வா' என்று வழி விட்டிருந்தோம். சீட்டுக்குப் பின்னால் இருப்பது வெறும் அட்டையும் இடுக்கும்தான். அது போதாதென்று, பனி படக் கூடாது என்று கண்ணாடியையும் ஏற்றி வைத்தேன். மாமியாருக்கு ஒன்றும் ஆகாமல் காப்பாற்றியது அவருடைய வெற்றிலை!

அன்றே மகளைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை காலண்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்று ஒரு வாயு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காருக்குள் நமக்கு அடிக்கிற பெட்ரோல் வாடை வேறு சமாசாரம். அதுவும் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். இந்த வாயு ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒட்டிக்கொள்வதில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டி. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தும் இலையை விட்டு எழுந்திருக்காதவர்களைப் பார்த்திருக்கிறீர்களே, அப்படி. எழுந்திருக்காவிட்டால் அடுத்தவருக்கு எங்கே இடம்? வெளிக்காற்றுக்கு வந்தாலும் பாதி இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் திண்ணையில் படுத்த என் மகள் காலையில் தேறினாள். உப்பு மிளகாயால் இல்லை.

காற்றில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு இருந்தாலே இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வருமாம். எங்களுடையது போன்ற பழைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையில் அனுமதிக்கிற அளவே நூற்றுக்கு மூன்று பங்கு. எங்கள் வண்டியும் அந்தச் சோதனையில் பாஸ் ஆனதுதான். குழாய் வாயில் கருவியைச் செருகிப் பார்ப்பார்கள். நடுவழியில் ஒழுகுகிற புகையை அது எப்படிக் காட்டும்?

வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தம் இந்த வாயுவைத் தாயைவிட மெதுவாக வாங்கி, தாயைவிட மெதுவாகத்தான் விடுமாம். தாய்க்குத் தெளிந்த பிறகும் உள்ளே இருப்பதற்குத் தெளிந்திருக்காது. இதை அவர் சொன்னபோது நான் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிய என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் துடிப்பும் வளர்ச்சியும் சரியாக இருந்தன. மூன்று தடவைதான், அதுவும் கொஞ்ச தூரம், பிழைத்தோம் என்றார். தலைவலி, மயக்கம், குமட்டல், ஆனால் ஜுரம் இல்லை. ஒரே இடத்தில் இருந்த நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் வருகிறது, வெளியே வந்தால் தேறுகிறது என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கொரோனா வந்த 2020-க்குப் பிறகு வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி இருக்கிறதே, அதை நம்பியும் உட்கார்ந்துவிடாதீர்கள். இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே அது காட்டும். ரத்தப் பரிசோதனையில் தனியாகப் பார்த்தால்தான் தெரியும்.

கார் இல்லாதவர்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர், பிரசவமான அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பச்சைக் குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று வைக்கிற கரி அடுப்பு, இரண்டிலும் இதே வாயுதான். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். ஜெனரேட்டர் புகை வண்டித் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது என்று பிறகு சோதித்துச் சொன்னார்கள். ஓட்டை என்று படித்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் வண்டிக்கு டின் தகடு கட்டவில்லை. சைலன்சர், பின் குழாய் இரண்டையும் புதிதாகவே போட்டோம். டிக்கித் தரைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து, கதவைச் சுற்றியிருந்த உளுத்த ரப்பரையும் மாற்றினார் மெக்கானிக் தம்பி. கூலியோடு ஐயாயிரத்துக்குள் முடிந்தது. அவர் கையோடு போட்ட கட்டளை இரண்டு. டிக்கியைத் திறந்து கட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. சாமான் அதிகமானால் மேலே கேரியரில் ஏற்றுங்கள். கேட்டில் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். செல்ஃப் எடுக்காவிட்டால் பாட்டரியை மாற்றுங்கள், பிள்ளைகளைப் புகையில் உட்கார வைக்காதீர்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். பாட்டரியும் மாற்றினார்.

சித்திரையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. தஞ்சாவூரிலிருந்து அழைத்து வர வாடகைக் கார் வைத்தேன். இவருக்கு மனசுக்குள் வருத்தம்தான், வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் சந்தான ராமர் சன்னதிக்குக் குழந்தையை எடுத்துப் போனபோது எங்கள் வண்டியிலேயே போனோம். ஏறுவதற்கு முன்னால் மாமியார், "ஒரு கோணியை நனைச்சுக் கொண்டாங்கடா" என்றார். என் மகன் சிரித்தான். அவர் விடவில்லை. குழாயை அடைத்துக் காட்டி, அடியில் சீறவில்லை என்று தன் காதாலேயே கேட்ட பிறகுதான் காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

கேட் போட்டிருந்தது. இவர் எஞ்சினை அணைத்தார்.